மூன்றாம் எண் கூண்டு

மூங்கில் சட்டம், மேலே கறுப்புத் துணி.
தூக்கிப் பார்த்தால் ஒரு கோழிக்கூடையின் கனம்தான்.
கடலூர் முதுநகர்த் துறைமுகக் கம்பத்தில்
அதை ஏற்றுவதும் இறக்குவதும் என் வேலை.
சென்னையிலிருந்து தாள் வரும்.
கையெழுத்துப் போடுவேன். கயிற்றை இழுப்பேன்.

தாளில் இருப்பது இவ்வளவே:
தென்கிழக்கே, இத்தனை கிலோமீட்டர் தள்ளி,
ஒரு காற்று தன்னைத்தானே சுற்றிக்கொண்டிருக்கிறது.
அதற்கு என்னைத் தெரியாது.

சோனாங்குப்பத்தில் எனக்குப் பெயர் வேறு.
புயல் ஏத்துறவன்.
நான் ஏற்றிய நாளில் விசைப்படகு போகாது,
ஐஸ் உருகும், வட்டிக்காரன் மட்டும் தவறாமல் வருவான்.
டீக்கடைப் பெஞ்சில் எனக்கு இடம் விடுவார்கள்,
பாம்புக்கு விடுவதுபோல.
தில்லைமேகம் ஒருநாள் நேராகவே கேட்டான்:
"மூணுலயே நிறுத்தேன் சார், ஏன் அஞ்சுக்குப் போற?"
நான் சிரித்தேன்.
அவன் சிரிக்கவில்லை.

அந்தக் கார்த்திகையில்
மூன்றாம் எண் தொங்கிய இரண்டாம் இரவு
கப்பியில் கயிறு அறுந்தது.
கூண்டு உப்புச் சேற்றில் குப்புறக் கிடந்தது.
நான் தூங்கிக்கொண்டிருந்தேன்.
இதைக் குறித்துக்கொள்ளுங்கள்,
தூங்கிக்கொண்டிருந்தேன்.
விடிந்தபோது வானம் கழுவிய தட்டு.
காற்று வடக்கே திரும்பி
நெல்லூர்ப் பக்கம் யாருடைய கூரையையோ
பிரித்துக்கொண்டிருந்தது.

எட்டு மணிக்கு வேம்பரசி வந்தாள்.
படகு போகாத நாளில் உப்பனாற்றில் பிடித்த கொடுவா,
முழுசாக, வாழையிலையில் சுற்றி.
"நீ எறக்கின. அது போயிடுச்சு.
ஆழத்துல இருந்த எங்க போட்டு
இப்பதான் போன்ல கெடச்சுது."

சொல்லியிருக்கலாம்.
கயிறு இற்றுப்போனது என்று.
கப்பிக்கு எண்ணெய் கேட்டு
மார்ச்சிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று.
நெல்லூரிலும் ஒருத்தி
யாருடைய போனுக்கோ காத்திருப்பாள் என்று.
வாயைத் திறந்தேன்.
மீன் நல்ல கனம்.
வாங்கிக்கொண்டேன்.

அன்று குழம்பு நன்றாக இருந்தது.
முள்ளை ஒதுக்கிக்கொண்டே நினைத்தேன்:
கலப்பைக்கும் கலிங்குக்கும் வெகு முன்னால்
இதே கெடிலத்து மணலில் எவனோ ஒருவன்
கொசு கடித்ததென்று கையை உயர்த்தியிருப்பான்.
அதே நேரம் மழை விட்டிருக்கும்.
பார்த்துக்கொண்டிருந்தவர்கள்
சுட்ட கிழங்கு ஒன்றை அவனிடம் நீட்டினார்கள்.
அவனுக்கோ பசி.
கொசு என்று அவன் சொல்லவில்லை.

பிறகு வந்தவர்கள் நிறையப் படித்தவர்கள்.
போன வருடம் ஒரு பொறியாளர்
மழைக்கோட்டுக்குள் வியர்த்தபடி
முகத்துவாரத்தில் லாரி லாரியாய்க் கருங்கல் கொட்டினார்.
இனி அலை இந்தப் பக்கம் வராது என்றார்.
வரவில்லைதான்.
தேவனாம்பட்டினத்துக்குப் போய்
இரண்டு தென்னையையும் ஒரு வலைக்கூடத்தையும் தின்றது.
அவருக்குச் சால்வை போர்த்தினார்கள்.
கைதட்டும்போது பார்த்தேன்,
எனக்குப் பழக்கமான முகம் அது.
கொடுவா வாங்கிய முகம்.

இந்த ஐப்பசியில் மறுபடி தாள் வந்திருக்கிறது.
எண் ஐந்து.
கயிறு புதிது, நைலான்.
கப்பிக்கு எண்ணெயும் போட்டாயிற்று.
கம்பத்தடியில் இருபது முப்பது பேர்.
தில்லைமேகம் பீடியைப் பற்றவைக்காமல் வைத்திருக்கிறான்.
வேம்பரசி முன்னால் நிற்கிறாள்,
இடுப்பில் கூடை, மேலே ஈரத்துணி.
அவர்கள் முதுகுக்குப் பின்னே
கடல் பழுப்பாகத் திரண்டு எழுகிறது,
ஒருவரும் திரும்பவில்லை.
என் கையைப் பார்க்கிறார்கள்.

சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.
கயிற்றைத் தொடுவதற்கு முன்
நானும் ஒருமுறை பார்த்தேன்,
நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு இருந்த
என் கையை.